நொபெசூத்துவின் நெஞ்சைக் கழுவிய தண்ணீர்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு நல்ல பொய் வைத்திருந்தேன். கேப் டவுனின் லாங்கா குடியிருப்பில் ஒரு மாலை, சாலையோரம் நெருப்பு, நெருப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முகம். கச்சிதமான பொய். படம் வரைகிறவருக்கும் வசதி.

உண்மை அவ்வளவு அழகாக இல்லை. இந்தக் கதை ஒரு படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், பதினான்காம் கேள்வியில் பிறந்தது.

'நீங்கள் புகைப்பவரா? ஆம் / இல்லை.'

அந்தக் கேள்வியை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் சொல்லாமலே தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கேப் டவுனில் ஒரு காசநோய்த் தடுப்பூசி ஆய்வு. அதன் அலுவலகத்தில் நான்கு வருடம் படிவம் தயாரித்தேன். ஆய்வின் கேள்வி எளிமையானது. இந்த ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வலது தோளில் பி.சி.ஜி. போடுகிறார்கள். வளர்ந்த பிறகு அதே ஊசியை இன்னொரு முறை போட்டால் என்ன ஆகும்? ஊசி தோளில் இறங்குகிறது. படை ரத்தத்தில் திரள்கிறது. ஆனால் காசநோய்க் கிருமி வருவது மூச்சுக்காற்றில். சண்டை நடக்கப்போவது நுரையீரலில். படை அங்கே போகிறதா? போனால் தங்குகிறதா? அங்கே ஏற்கெனவே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் விழுங்கும் செல்கள், வருகிறவனை வாயில் போட்டு மெல்லும் வேலைக்காரர்கள், ஊசிக்குப் பிறகு கொஞ்சம் சுறுசுறுப்பாகின்றனவா?

ரத்தத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆகவே ஊசி போட்டு எட்டு வாரம் கழித்து, மூச்சுக்குழலில் ஒரு மெல்லிய குழாயை விட்டு, உப்புநீரை ஊற்றி, நெஞ்சைக் கழுவி, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சிப் பார்க்க வேண்டும்.

புகைப்பவர்கள் வரக் கூடாது. அவர்களுடைய விழுங்கும் செல்களின் வயிறு முழுக்கக் கரி. கணக்கு கெட்டுவிடும். அதனால்தான் பதினான்காம் கேள்வி.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். முதல் வடிவம்:

'கண்ணாடிக் குழாயில் கறுப்பாக இறங்கியது அவளுடைய பொய்.'

எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்தேன். அவ்வளவு திருப்தி. இப்படி ஒரு முதல் வரி கிடைத்தால் வாசகர் அடுத்த பக்கம் திருப்பாமல் எங்கே போவார்?

வரியில் ஒரே ஒரு தவறு. நொபெசூத்து பொய் சொல்லவில்லை. (வரியை வெட்டவில்லை. அது இங்கேயே கிடக்கட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாக வேண்டும்.)

இரண்டாவது வடிவம், ஆய்வின் நர்ஸைப் பற்றி: 'ஸொலேக்கா நல்லவள். அதனால்தான் அவள் செய்த காரியம்—'

இதை முடிக்கவில்லை. நல்லவள் என்று முதல் வரியிலேயே சொல்லப்படுகிற பாத்திரத்தை யாரும் நம்புவதில்லை.

ஆகவே மூன்றாவது. இது எதற்கும் தீர்ப்பு சொல்லாது. ஒரு பெண் நெருப்பில் விறகைத் தள்ளுகிறாள், அவ்வளவுதான்.

3

நொபெசூத்து விறகைக் காலால் உள்ளே தள்ளினாள். பழைய பலகைப் பெட்டிகளை உடைத்த விறகு. ஆணியும் சாயமும் சேர்ந்தே எரியும். நெருப்பில் நான்கு இரும்புக் கம்பிகள் சிவந்து கிடந்தன. ஒன்றை எடுத்து ஆட்டுத்தலையின் நெற்றியில் வைத்து இழுத்தாள். முடி பொசுங்கி மஞ்சள் புகை குபுகுபுவென்று எழுந்தது. பொசுக்கி, சுரண்டி, கழுவி, அவித்து, இரண்டாகப் பிளந்தால் தலை தயார். வேகும்போது உதடு சுருங்கிப் பல்லெல்லாம் தெரியும். அதனால் ஊரில் அதற்கு 'ஸ்மைலி' என்று பெயர்.

"மாபேலே, இது ஏன் என்னைப் பாத்தே இளிக்குது?" என்றான் டாக்ஸி ஓட்டுகிற ஒருவன்.

"உன் வண்டியில ஏறினவன் உசிரோட இறங்கினானாமே. அந்த அதிசயத்தைக் கேட்டுச் சிரிக்குது."

மாபேலே என்பது அவளுடைய குலப்பெயர். மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக அதே சாலை, அதே நெருப்பு. வியாழக்கிழமை மதியம் மட்டும் கடை கிடையாது. அன்றைக்குக் குளித்து, சிவப்பு ரவிக்கையும் வெள்ளைக் காலரும் கறுப்புப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாகத் தேவாலயத்துக்குப் போவாள். பெண்கள் சங்கத்தின் அந்தச் சிவப்பு ரவிக்கை சும்மா கிடைப்பதில்லை. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, வாய்ச்சண்டைக்குப் போகக் கூடாது. ('மூணாவதுதான் கஷ்டம்' என்பாள் நொபெசூத்து.) புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல்முறை ரவிக்கையைப் பூட்டிவிடுவது அவள் வேலை. அந்தப் பெருமையில்தான் அவள் வாரம் ஓடியது.

ஸொலேக்கா அதே சங்கம். முப்பத்துநான்கு வயது, ஆய்வின் நர்ஸ். அன்று படிவத்தோடு வந்து நின்றாள். புகையில் கண்ணில் நீர் வழிய வழியத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பவாவது டி.பி. வந்திருக்கா, மாபேலே?"

"எனக்கு வரல. என் தங்கச்சியக் கொண்டுபோச்சு. ஒரே அறை, ஒரே போர்வை. அவளத் தின்னுச்சு, என்னைத் தொடல. ஏன்னு உன் டாக்டரு சொல்வாரா?"

"அதத்தான் பாக்கப் போறோம்."

"எங்க பாப்பீங்க?"

"நெஞ்சுக்குள்ள. குழாய் விட்டு."

"அடிப்பாவி! கட்டின புருஷனே அங்க எட்டிப் பாத்ததில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸொலேக்காவும் சிரித்து, புகை தொண்டையில் ஏறி இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வந்தாள். "புகைப்பீங்களா? சிகரெட்டு, பைப்பு, எதுவும்?"

"சீ. சிவப்பு ரவிக்கை போடுற உடம்புடி இது."

ஸொலேக்கா 'இல்லை'யில் ஒரு கோடு போட்டாள். போடும்போதும் இருமினாள்.

* புகையிலையைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் தோய்க்கும் பட்டை உண்டு. எங்கள் ஆய்வில் அதை வாங்கவில்லை. ஆளின் சொல் போதும் என்று முடிவு செய்திருந்தோம். எவ்வளவு மரியாதையான முடிவு! அந்தச் சொல்லை எத்தனை நாள் நம்பினோம் என்பது அடுத்த பகுதியில்.

4

ஊசி போட்டு எட்டு வாரம் ஆயிற்று. காலை எட்டு மணிக்கு நொபெசூத்துவின் தொண்டையில் மருந்தைத் தெளித்து மரத்துப்போகச் செய்தார்கள். டாக்டர் ஹென்ட்ரிக்ஸ் குழாயை இறக்கினார். ஸொலேக்கா பெரிய ஊசிக்குழலில் உப்புநீரை எடுத்து ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து உறிஞ்சினாள்.

சாதாரணமாக அந்த நீர் அரிசி களைந்த தண்ணீர்போல மங்கலாக, நுரையோடு வரும்.

இது சாம்பல் கரைத்த தண்ணீராக வந்தது. இரண்டாவது முறை இன்னும் கறுப்பு.

"இது புகைக்கிறவங்க நெஞ்சு, ஸொலேக்கா" என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். "இதுல நமக்கு ஒண்ணும் தேறாது. யார் இவங்களச் சேத்தது?"

"நான்தான், டாக்டர்."

"அடுத்த தடவை கொஞ்சம் கிளறிக் கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஸொலேக்காவுக்கு அது அறைந்ததுபோல இருந்தது.

நொபெசூத்துவைத் திரைபோட்ட கட்டிலுக்கு நகர்த்தினார்கள். தொண்டை மரத்திருப்பதால் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. பேசினால் புரையேறிவிடும். இதை அவளுக்குச் சொல்லவேண்டியதும் ஸொலேக்காதான். சொல்லவும் சொன்னாள். சொன்ன கையோடு,

"ஏன் மாபேலே மறைச்சீங்க? நெஞ்சக் கழுவினா தார் மாதிரி வருது. கேட்டேன்ல? சிகரெட்டா, பைப்பான்னு வாயத் தொறந்து கேட்டேன்ல? டாக்டர் முன்னாடி என் மூஞ்சிய எங்க வெச்சுக்குறது?"

நொபெசூத்து தலையை ஆட்டினாள். கையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"பேசாதீங்க! பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

குற்றம் சாட்டிவிட்டு, பதில் சொல்லவும் கூடாது என்று தடுத்த ஒரு நீதிமன்றம். அதற்கு ஒரு திரைதான் சுவர். திரைக்கு அந்தப் பக்கம் தன் முறைக்காகக் காத்திருந்தவள் மாங்வேவு. அவளும் அதே ஆய்வு. அவளும் அதே சிவப்பு ரவிக்கை.

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன்: களைப்பு, நீண்ட வேலைநேரம், ஸொலேக்காவின் குழந்தைக்கு முந்தின நாள் காய்ச்சல். எல்லாம் கற்பனை. அவளுக்குச் சாக்குத் தேடித் தந்தால் எனக்கும் ஒன்று கிடைக்குமே என்ற ஆசை. எடுத்துவிட்டேன்.)

5

அடுத்த வியாழன் நடந்ததை ஸொலேக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் யாரப் பத்தியும் பேசுறவ இல்ல" என்று ஆரம்பித்தாள் மாங்வேவு. அப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "காதுல விழுந்ததச் சொல்றேன். நர்ஸே சொன்னா. நெஞ்சக் கழுவினா தார் மாதிரி வருதாம்."

பாதிரியாரின் மனைவிதான் சங்கத் தலைவி. கோபக்காரி அல்ல, அதுதான் இன்னும் கஷ்டம்.

"தப்புப் பண்ணாத மனுசி யாரு, மாபேலே? ஒத்துக்கிட்டா மூணு மாசம் பின் பெஞ்சு. அப்புறம் நானே ரவிக்கையப் பூட்டிவிடுறேன். ஒத்துக்கலன்னா, புகைச்சது ஒண்ணு, பொய் ரெண்டு. ரவிக்கையத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான். நாலு வாரம் யோசிங்க."

"செய்யாதத எப்படி ஒத்துக்குறது, அம்மா?"

"அப்ப நர்ஸு பொய் சொல்றாளா?" என்றாள் மாங்வேவு. "இதோ உக்காந்திருக்காளே. ஸொலேக்கா, நீயே சொல்லு!"

நாற்பது சிவப்பு ரவிக்கைகள் திரும்பின.

"ஆய்வு விஷயத்த வெளிய பேசக் கூடாது" என்றாள் ஸொலேக்கா, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி. "அது விதி."

விதி சரிதான். கட்டிலருகே அந்த விதியை உடைத்தவள், இப்போது அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டாள். நொபெசூத்து அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று ஸொலேக்கா என்னிடம் சொன்னாள்.

கடையில் வேறு மாதிரி. "மாபேலே, ஒரு தம்மு குடுங்க, நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றான் அதே டாக்ஸிக்காரன். நொபெசூத்து அவன் பக்கம் திரும்பவில்லை. கம்பியை எடுத்து அடுத்த தலையில் வைத்தாள்.

6

(ஆறாம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் மாங்வேவுவைக் கெட்டவளாக்க முயன்றிருந்தேன். அவள் கேட்டதைச் சொன்னாள், கேட்கவைத்தது யார்?)

7

மூன்றாவது வாரம். ஆய்விலிருந்து நீக்கிய கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸொலேக்கா மதியம் போனாள். நெருப்பு தணிந்திருந்தது. நொபெசூத்து தலைத்துணியை அவிழ்த்து, ஒரு வெள்ளைப் பீங்கான் வட்டாவில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டாவது. மூன்றாவதில் மூக்கைச் சிந்திக் கழுவினாள்.

ஸொலேக்கா வட்டாவையே பார்த்தாள். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். பெரிய ஊசிக்குழலில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்த அதே நிறம்.

கடிதம் கையிலேயே மடங்கியது.

"தெனமும் இப்படித்தான் வருமா?"

"வெள்ளிக்கிழம இன்னும் நல்லா வரும். கூட்டம் அதிகம்." நொபெசூத்து முகத்தைத் துடைத்தாள். "என்ன பாக்குற? இதுலயும் குழாய் விடணுமா?"

"மாபேலே, நீங்க ஏன் இதச் சொல்லல?"

"எப்பச் சொல்றது? வாய் மரத்துக் கெடந்தப்பவா? நீ கண்ணு கலங்கி, இருமிக்கிட்டே நின்னுதான் கேட்ட. இந்தப் பொகையிலதான் நின்ன. உன் ஃபாரத்துல நெருப்புக்கு எடமே இல்லயே, பொண்ணே. நான் எங்க போய் நெருப்ப எழுதுவேன்?"

ஸொலேக்கா உட்காரப் பலகை தேடினாள். கிடைக்கவில்லை. நின்றாள்.

மறுநாள் ஸொலேக்கா எல்லாவற்றையும் சொல்லக் கேட்டு, டாக்டர் ஹென்ட்ரிக்ஸ் அந்தச் சிறுநீர்ப் பட்டையை வாங்கிவரச் சொன்னார். நொபெசூத்து சம்மதித்து வந்து, யாருக்கும் முகம் கொடுக்காமல், சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். புகையிலை துளிகூட இல்லை.

டாக்டர் பழைய கோப்புகளை எடுத்தார். 'புகைப்பதை மறைத்தவர்' என்று நீக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர். பெயருக்கு எதிரே தொழில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. தலை பொசுக்குகிறவர்கள், சாலையோரம் இறைச்சி சுடுகிறவர்கள், மின்சாரம் இல்லாத தகரக் குடிசையில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுகிறவர்கள்.

"பன்னெண்டு தடவ எழுதியிருக்கோம்" என்றார். "மறைச்சாங்கன்னு."

கோப்பை மூடினார். பிறகு சொன்னதை ஸொலேக்கா மனப்பாடமாகச் சொன்னாள்: "இந்த நோய் யாரப் பிடிக்குதோ, அவங்க நெஞ்சு இப்படித்தான் இருக்கு. வாய் நிறையக் கரியோட உக்காந்திருக்குற காவக்காரனுக்கு ஊசி என்ன சொல்லிக்குடுக்க முடியும், அதுதானே நாம கேட்டிருக்க வேண்டிய கேள்வி? நாம சுத்தமான நெஞ்சாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்து, அதுல வந்த பதில எல்லாருக்கும்னு எழுதிக்கிட்டிருக்கோம்."

"சங்கத்துல போய் நான் பேசட்டுமா, டாக்டர்?"

"என்னன்னு? அவங்க நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னா? அது அவங்க சொத்து. நீங்க ஒரு தடவ வெளிய விட்டதே உங்க வேலைக்கு ஆபத்து. ஒத்துக்கிட்டீங்கன்னா நான் மேல எழுதியாகணும். எழுதுவேன். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

நேர்மையான மனிதர். அவரை வைத்து ஒரு வில்லன் செய்ய முடியவில்லை. இந்தக் கதையில் எனக்கு வில்லனே கிடைக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காதவரை.

8

டாக்டர் அறையிலிருந்து ஸொலேக்கா நேராக என் மேசைக்கு வந்தாள். படிவத்தின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

"இந்தக் கேள்விய யாரு எழுதினது?"

இங்கே என் பாத்திரம் பேச வேண்டும். நான்கு வழிகள் இருந்தன: 'நான்தான்.' 'நான்தான், மன்னிச்சிடு.' 'நான்தான், ஏன்?' அல்லது மௌனம்.

நான் ஐந்தாவது ஒன்றைச் சொன்னேன்.

"கமிட்டி."

ஸொலேக்கா தலையாட்டினாள். நம்பிவிட்டாள். "கமிட்டியில ஒருத்தர்கூட அடுப்பு மூட்டினதில்லபோல" என்றாள்.

* கமிட்டிக்குப் போனது என் வரைவு. அவர்கள் திருத்தியது ஒரே ஒரு காற்புள்ளி. வரைவில் முதலில் இரண்டு கேள்விகள் இருந்தன: புகைப்பவரா என்பது ஒன்று, விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையில் தினமும் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பது இன்னொன்று. பக்கம் நீண்டு நான்காம் தாளுக்குப் போனது. மூன்று தாளில் முடிந்தால் அழகாக இருக்கும் என்று இரண்டாவதை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அழகுக்காக எடுத்தேன்.

9

நாலாவது வியாழனுக்கு முந்தின நாள், ஸொலேக்கா நொபெசூத்துவிடம் கேட்கப் போனாள். (அன்று மாலை அவளே என்னிடம் சொன்னது.) இந்த முறை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்ற வரைக்கும் அவளுக்குப் புத்தி வந்திருந்தது.

"நாளைக்கு நான் எழுந்து சொல்லிடுறேன், மாபேலே. அது நெருப்புப் புகை, சிகரெட்டு இல்லன்னு. நெஞ்சுல கரி படிஞ்சிருக்குன்னு..."

"வாய மூடு."

நொபெசூத்து சுற்றிப் பார்த்தாள். இரண்டு பேர் தட்டோடு நின்று தின்றுகொண்டிருந்தார்கள். அவளைத் தள்ளிக்கொண்டு தகரத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

"சிகரெட்டு இல்லாமலே நெஞ்சு கறுத்திருக்குன்னு ஊர்ல சொல்லப்போறியா? லாங்காவுல? அடுத்த நாளே எனக்கு டி.பி.ன்னு ஆகும். அவ தங்கச்சி அதுலதான் போனான்னு ஒருத்தி ஞாபகப்படுத்துவா. எவன் என் கையால தலை வாங்கித் திம்பான்? பொகைக்கிறவன்னா ரவிக்கை போகும். நோயாளின்னா சோறு போகும்."

"அப்ப நான் என்னதான் செய்யுறது?"

"மொதத் தடவ என்னக் கேட்டா செஞ்ச?"

ஸொலேக்காவுக்கு அழுகை வந்தது. நொபெசூத்துவுக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

"அழாத. எனக்கு வேலை கெடக்கு. நான் ஒத்துக்கிடுறதா முடிவு பண்ணிட்டேன். ஆமா, பொகைச்சேன்னு சொல்லிடுறேன். மூணு மாசம் பின் பெஞ்சு. ரவிக்கை திரும்பி வரும்."

"செய்யாததயா? கடவுள் முன்னாடியா?"

"கடவுளுக்கு என் நெஞ்சு தெரியும். குழாய் விட்டாப் பாத்தாரு?"

போகும்போது ஸொலேக்கா திரும்பி நின்றாள். காரணம் எதுவும் சொல்லாமல், நெஞ்சு என்ற வார்த்தையே எடுக்காமல், 'நான் சொன்னது தப்பு, சொல்லவே கூடாதது, அவங்க புகைக்கல' என்று மட்டும் சொன்னால்?

"அப்ப எதப் பாத்துடி சொன்னன்னு மாங்வேவு கேப்பா. நீ என்ன சொல்லுவ?"

"சும்மா நின்னுக்கிட்டிருப்பேன்."

"உன்னத் தின்னுடுவாங்க."

"தெரியும்."

"ரவிக்கைய உருவிடுவாங்க. வேலையும் போகும்."

"தெரியும், மாபேலே."

நொபெசூத்து சம்மதம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கம்பியை நெருப்பில் செருகப் போய்விட்டாள்.

10

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் ஸொலேக்கா எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள், மாங்வேவு விம்முகிறாள், பாதிரியாரின் மனைவி தன் கையால் நொபெசூத்துவுக்கு ரவிக்கை பூட்டுகிறாள், பாட்டு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால் சந்தேகம் வந்தது. நொபெசூத்து எதைச் சொல்லாதே என்றாளோ, அதையே மறுபடி சொல்லவைத்து, அவளுக்கு நல்லது செய்ததாக ஒரு முடிவு. திரைக்குப் பின்னால் நடந்ததை மேடையில் நடத்துவது.

இரண்டாவதில் நொபெசூத்து புகைத்ததாக ஒத்துக்கொள்கிறாள். மூன்று மாதம் ஓடிவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும். அந்த 'எனக்கும்' வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

மூன்றாவதில் ஸொலேக்கா காரணம் சொல்லாமல் பழியை ஏற்கிறாள். இது நடந்திருக்கலாம். ஆனால் இதை நான் எழுதினால், அவள் தலையில் அந்தச் சுமையை ஏற்றிவைக்கிறவன் நானாக இருப்பேன். ஏற்கெனவே ஒன்று ஏற்றியிருக்கிறேன்.

நாலாவது முடிவு, ஒரு ஆண்—

(இல்லை.)

11

அந்த வியாழன் நான் போயிருந்தேன். இதை ஸொலேக்காவுக்கும் சொன்னதில்லை.

பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஆண்கள் நுழையக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை அன்றைக்கு நான் எவ்வளவு பக்தியோடு மதித்தேன் தெரியுமா? பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, வெயிலில், சுவரோடு சுவராக நின்றேன். கதவு பூட்டியிருக்கவில்லை. ஒருக்களித்திருந்தது. உள்ளே போக வேண்டாம், கதவில் தட்டினால் போதும். தலைவி வருவாள். 'அம்மா, அந்தக் கேள்வியே தப்பு. அதை நான்தான் தப்பாகக் கேட்டேன். அதற்கு அவங்க உண்மையான பதில்தான் சொன்னாங்க' என்று சொல்லலாம். யாருடைய நெஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை வராது. யாருக்கும் நோயாளிப் பட்டம் வராது. வேலை போனால் என்னுடையது போகும்.

மூன்று பேரில் ஊர் வாயில் விழாமல் உண்மையைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இது எனக்கு அந்தச் சுவரோரம்தான் புரிந்தது. புரிந்த பிறகும் நின்றேன்.

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. நாற்பது குரல். நின்றது.

"மாபேலே, நாலு வாரம் ஆச்சு" என்றது தலைவியின் குரல், அன்பாக.

பெஞ்சு கிரீச்சிட்டது. பின்வரிசையில் ஒன்று. அதே நொடியில், நடுவில் எங்கோ, இன்னொன்று.

இரண்டு பேர் எழுந்திருந்தார்கள்.

எவள் முதலில் பேசினாளோ, அவள் சொன்னதுதான் நிலைத்திருக்கும். நொபெசூத்து முந்தியிருந்தால், செய்யாத தப்பு அவள் பெயரில் எழுதப்பட்டிருக்கும். ஸொலேக்கா முந்தியிருந்தால், அவளை அந்த நாற்பது பேர் தின்றிருப்பார்கள். யாரோ ஒருத்தி மூச்சை இழுத்தாள். பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு. சுவருக்கு வெளியே கேட்டது.

நான் நடந்தேன். வேகமாக, முதல் வார்த்தை காதில் விழுவதற்குள்.

பிறகு அவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. மறுமாதம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இருக்கும்படி நானே பார்த்துக்கொண்டேன்.

இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருத்தி மூச்சை இழுத்துவிட்டாள். யார் என்று நீங்கள் முடிவுசெய்வதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. தட்டுங்கள்.